நானோ மாத்திரை போட்டும் சத்து ஏறவில்லையே, ஏன்?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 47, வங்கியில் வேலை. பத்து வருடமாகத் தைராய்டு, தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை. ஏழு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மட்டும். நெஞ்செரிச்சலுக்கு எப்போதோ ஆரம்பித்த பான்டோபிரசோல் ஐந்து வருடமாக நிற்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8, வைட்டமின் டி 14, பி12 170. குடும்ப டாக்டர் இரும்பு மாத்திரை, கால்சியம், வாரம் ஒரு வைட்டமின் டி என்று எழுதிக் கொடுத்தார். இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வந்தது. அந்த நேரத்தில்தான் ஓரகத்தி ஒரு பெட்டியோடு வந்திருக்கிறார். லைப்போசோமல் இரும்பு (நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தது), நானோ வைட்டமின் டி (மிக நுண்ணிய துகளாக்கியது), மஞ்சளிலிருந்து எடுக்கிற குர்க்குமின் 1000 மில்லிகிராம், மிளகுச்சத்து சேர்த்தது, லைப்போசோமல் வைட்டமின் சி, கோ-என்சைம் க்யூ10. மாதம் 7,400 ரூபாய். "சாதாரண மாத்திரையில 90 சதவீதம் கழிவறைக்குத்தான் போகுது அக்கா, இது நேரா செல்லுக்குள்ள போகும்" என்று சொல்லியிருக்கிறார். சகோதரியும் டாக்டரின் இரும்பை நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் தொடர்ந்துகொண்டே, ஐந்து மாதம் இந்தப் பெட்டியையும் சாப்பிட்டார். தினமும் காலை ஆறரைக்கு, தைராய்டு மாத்திரையோடு மொத்தமாக விழுங்கிவிட்டு, பின்னாலேயே ஃபில்டர் காபி.

இப்போது ஹீமோகுளோபின் 9.9. ஏறவே இல்லை. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறுகிற டிஎஸ்ஹெச் 3.1-லிருந்து 9.4 ஆகிவிட்டது, தைராய்டு மாத்திரையை 100 ஆக்கியிருக்கிறார்கள். அவர் கேட்பது மூன்று கேள்வி. இதைவிட நன்றாக உறிஞ்சப்படுகிற பிராண்டு எது? மஞ்சளோடு மிளகு சேர்ப்பது நம் முன்னோர் வழக்கம்தானே, அப்படியானால் பயமில்லைதானே? இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் சாப்பிடுகிற 72 வயது மாமியாருக்கும் மூட்டு வலிக்கு இதைக் கொடுக்கலாமா?

சகோதரி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரைகூட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில், "ஒரு வருஷமா மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் போகுது, கட்டி கட்டியா வருது, வயசு அப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மாதாமாதம் அவ்வளவு ரத்தம் வெளியே போகும்போது, உள்ளே போகிற இரும்பு எந்தத் தொழில்நுட்பத்தில் வந்தாலும் கணக்கு நேராகாது. ஓட்டைக் குடத்தில் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்தால் என்ன? 47 வயதில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம்தான், ஆனால் கட்டி கட்டியாக ஒன்பது நாள் போவதை வயதின் தலையில் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், உள்சுவர் தடித்திருக்கலாம். 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் உள்சுவரிலிருந்து துளி எடுத்துப் பார்க்க வேண்டியும் வரலாம். தைராய்டு சரியாக இல்லாததுகூட போக்கை அதிகமாக்கும். இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். இந்தப் பதிலில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்துவிடுங்கள்.

உடம்பில் ஒட்டுவது என்றால் என்ன

"என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை" என்று நம் வீடுகளில் சொல்வோம். சத்தை உடம்பில் நன்றாகச் சேர வைக்கிறோம் என்கிற இந்தத் துறை முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இருக்கிறது. வாயில் போட்ட சத்து முதலில் குடல்நீரில் கரைய வேண்டும், பிறகு குடல் சுவரைத் தாண்ட வேண்டும், பிறகு அந்தச் சுவரும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியேற்றுவதற்குள் ரத்தத்தைச் சேர வேண்டும். ஒவ்வொரு சத்தும் இதில் ஒவ்வொரு இடத்தில் தடுக்கி விழுகிறது. அதனால்தான் "எல்லாவற்றையும் லைப்போசோமில் போட்டோம்" என்று ஒரே பெட்டியில் எல்லாம் வரும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. வெவ்வேறு பூட்டுக்கு ஒரே சாவி எப்படிப் பொருந்தும்?

ஓரகத்தி சொன்ன 90 சதவீதக் கணக்கு, குர்க்குமினைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. அது தண்ணீரில் கரையாது, கொஞ்சம் உள்ளே போனாலும் கல்லீரல் விடாது. ஆனால் வைட்டமின் சி-க்கு அந்தக் கணக்கு தலைகீழ். ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம் வரை சாப்பிட்டால் 70 முதல் 90 சதவீதம் எந்த ஜோடனையும் இல்லாமல் உடம்பில் சேர்கிறது. ஒரு கிராமுக்கு மேல் போகும்போதுதான் பாதிக்கும் கீழே குறைகிறது, அதுவும் உடம்பு போதும் என்று சொல்வதால். ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடுகிறவருக்கு லைப்போசோமல் வைட்டமின் சி எதற்கு? அதை நிறுத்திவிடுங்கள். க்யூ10-ம் அப்படித்தான். எண்ணெயில் கரைத்த கேப்ஸ்யூலாக வந்தால் பொடியைவிட நன்றாகச் சேரும் என்பது சரி, ஆனால் நீங்கள் எழுதிய எந்தத் தொந்தரவுக்கும் அது தேவைப்படவில்லை.

லைப்போசோம் என்பது ஏமாற்று வேலை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் செல்லின் சுவர் எந்தக் கொழுப்பால் ஆனதோ அதே வகைக் கொழுப்பில் செய்த நுண்ணிய குமிழி அது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அலெக் பாங்காம் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். 1995-ல் ஒரு புற்றுநோய் மருந்தை இந்தக் குமிழிக்குள் அடைத்து அமெரிக்காவில் அனுமதித்தார்கள், இதயத்துக்கு வரும் பாதிப்பு அதனால் குறைந்தது. ஆனால் அது ஊசி, நேராக ரத்தத்தில் போவது. வாய்வழியாகப் போகிற குமிழி வயிற்றின் அமிலத்தையும், கொழுப்பைக் கரைப்பதற்கென்றே இருக்கிற பித்தநீரையும் கணையநீரையும் தாண்ட வேண்டும். நன்றாகச் செய்த சில தயாரிப்புகள் ஓரளவு தாங்குகின்றன. லெசித்தின் என்ற கொழுப்பை வெறுமனே பொடியோடு கலந்துவிட்டு லைப்போசோமல் என்று அச்சடித்தவையும் சந்தையில் இருக்கின்றன. குமிழியின் அளவு என்ன, சத்தில் எத்தனை சதவீதம் குமிழிக்குள் இருக்கிறது என்பதற்கு ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று ஓரகத்தியிடம் கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் சீசாவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் காலை ஆறரை மணி

சத்தை உள்ளே கொண்டு சேர்க்க நீங்கள் தேடுகிற வழி உங்கள் வீட்டுக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. ஆறரைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தைராய்டு மாத்திரையோடு கால்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில் குடலில் இறங்குகின்றன. இரண்டும் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். போதாததற்குக் காபி வேறு, அதுவும் தைராய்டு மருந்தைக் குறைக்கும், இரும்பையும் குறைக்கும். கால்சியம் இரும்பைத் தடுக்கும். குர்க்குமினுக்கும் இரும்பைப் பிடித்து வைக்கிற குணம் உண்டு. அமிலத்தை அடக்குகிற பான்டோபிரசோல், அமிலம் இருந்தால்தான் கரைகிற இரும்பையும் கால்சியம் கார்பனேட்டையும் கரைய விடாது, தைராய்டு மருந்துக்கும் அது தடைதான். ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கி எல்லாவற்றையும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நெருக்கித் தள்ளியிருக்கிறீர்கள்.

டிஎஸ்ஹெச் 9.4 ஆனதற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் தைராய்டு மோசமாகவில்லை, மாத்திரை உள்ளே போகவில்லை. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். இப்போது 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறீர்கள். நான் சொல்கிறபடி நேரத்தைப் பிரித்துவிட்டால் அந்த 100-ம் முழுதாக உள்ளே போகும், அது உங்களுக்கு அதிகமாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். அதனால் உங்கள் டாக்டரிடம் போய், "இத்தனை நாள் கால்சியத்தோடு சேர்த்துச் சாப்பிட்டேன், இப்போது பிரிக்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். இந்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தால் ஒருவேளை 75-லேயே வைத்துப் பார்க்கலாம் என்பார். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். பிரித்த பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள், அதற்கு முன்னால் பார்ப்பதில் பயனில்லை.

டாக்டரிடம் காட்டுவதற்காக ஒரு கால அட்டவணையை எழுதுகிறேன், அவர் மாற்றினால் அதையே பின்பற்றுங்கள். எழுந்ததும் ஐந்தரைக்கு தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீர். காபி ஆறரைக்கு. காலை உணவோடு மெட்ஃபார்மின். வங்கியில் 11 மணிக்கு டீ வரும் என்று தெரியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த டீயை விட்டுவிட்டு, இரும்பு மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள், சர்க்கரை போடாமல். மதியச் சாப்பாட்டோடு கால்சியம். வைட்டமின் டி எந்தக் கிழமையோ அந்த நாளில், நெய்யோ எண்ணெயோ நன்றாகச் சேர்ந்த பெரிய சாப்பாட்டோடு. ஆனால் கால்சியமும் வைட்டமின் டி-யும் இப்போதைக்கு வேண்டாம், டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்ன பிறகுதான், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரும்பு: ஒரு நாள் விட்டு ஒரு நாள்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பணமே செலவழிக்காமல் கிடைக்கிற முன்னேற்றம் இது. இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, அது குடலின் கதவைச் சாத்துகிறது. சாத்திய கதவு திறக்க ஒரு நாளாகும். அதனால் மறுநாள் காலையில் போடுகிற மாத்திரை சாத்திய கதவில்தான் போய் முட்டுகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில் இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் இதைப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். தினமும் 60 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு 16 சதவீதம் சேர்ந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டவர்களுக்கு 22 சதவீதம். அதே சாதாரண மாத்திரை, இடைவெளி மட்டும்தான் வேறு. வயிற்றுத் தொந்தரவும் இப்படிச் சாப்பிட்டால் குறையும், உங்கள் மலச்சிக்கலுக்கும் இது உதவலாம்.

லைப்போசோமல் இரும்பு வயிற்றைக் குறைவாகப் படுத்துகிறது என்பது நியாயமான விஷயம்தான், சாதாரண இரும்பு சுத்தமாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சீசாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த வகையில் ஒரு கேப்ஸ்யூலில் தனிம இரும்பு பெரும்பாலும் 15 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற இரும்பு ஃபோலிக் மாத்திரையில் 60 இருக்கிறது. ஃபெரிட்டின் 8 என்றால் கையிருப்பு துடைத்துப்போய்விட்டது என்று அர்த்தம், சின்னக் கரண்டியால் அந்த அண்டாவை நிரப்ப முடியாது.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால், அல்லது போக்கு நிற்காவிட்டால், நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம், அது குடலைத் தொடாமலே போகிற வழி. மருத்துவமனையில், கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும், இதைத்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பி12 பற்றி ஒரு வார்த்தை. 170 என்பது குறைவு, மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் சேர்ந்தால் இப்படி ஆகும். அதற்கு உங்கள் பெட்டியிலும் எதுவும் இல்லை, டாக்டர் சீட்டிலும் நீங்கள் எழுதியபடி எதுவும் இல்லை. பி12-ஐ உள்ளே அழைத்துப் போக வயிற்றில் சுரக்கிற ஒரு புரதம் வேண்டும், அது ஒரு நேரத்துக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுதான் தூக்கும். ஆனால் அது இல்லாமலேயே சுமார் ஒரு சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒரு சதவீதம் என்றால் 10, தினசரித் தேவையோ இரண்டு சொச்சம். ஆகவே சாதாரண 1000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும், நாக்குக்கு அடியில் வைப்பது, ஸ்பிரே, நானோ எதுவும் வேண்டாம். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஊசியாக ஆரம்பிப்பார்.

பான்டோபிரசோலை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். இன்னும் தேவையா, படிப்படியாகக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தொடரத்தான் வேண்டும் என்றால், கால்சியத்தைக் கார்பனேட்டிலிருந்து சிட்ரேட்டுக்கு மாற்றச் சொல்லலாம், அதற்கு அமிலம் தேவையில்லை.

நன்றாகச் சேர்வதும் ஆபத்தாகலாம்

வைட்டமின் டி-யில் நீங்கள் கவனிக்காத ஒன்று. டாக்டர் எழுதிய வாராந்திரக் கேப்ஸ்யூலும் 60,000 யூனிட், பெட்டியில் வந்த நானோ சீசாவும் 60,000 யூனிட். இரண்டையும் வாரம் தவறாமல், ஐந்து மாதம். வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்குவது, அதிகமானால் சிறுநீரில் போய்விடாது. வழக்கமாக எட்டு வாரம் கொடுத்துவிட்டு, பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்போம். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பாருங்கள், முடிவு வரும் வரை கால்சியம் மாத்திரையையும் நிறுத்தி வைப்பது நல்லது. குமட்டல், அடிக்கடி தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள். அந்த மலச்சிக்கல் இரும்பை நிறுத்திய பிறகும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது மஞ்சளும் மிளகும். முன்னோர் வழக்கம் என்று நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, எனக்குப் பிடித்த விஷயமும்கூட. சித்த மருத்துவத்தில் மருந்தைத் தேனில் குழை, நெய்யில் கொடு, பாலில் கலந்து கொடு, வெந்நீரில் கொடு என்று அனுபானம் சொல்லாமல் மருந்தே சொல்ல மாட்டார்கள். எதில் கொடுத்தால் எப்படிச் சேரும் என்ற யோசனை அது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு எத்தனையோ மருந்துகளில் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் 1970களின் இறுதியில் ஜம்முவில் இருந்த அரசு ஆய்வகத்தில் அடல் என்ற விஞ்ஞானி, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பெரின் மற்ற மருந்துகளை அதிகமாக உடம்பில் சேர வைக்கிறது என்று காட்டினார். பிறகு 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்க்குமின் 2000 சதவீதம் கூடியது. உங்கள் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கிற எண் அதுதான்.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் குர்க்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்ணில் படாத அளவுக்குத்தான் இருந்தது, அதில் இருபது மடங்கு என்பதும் சிறிய அளவே, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிட்டது. ரத்தத்தில் ஏறுவது வேறு, வலி குறைவது வேறு. மூட்டுத் தேய்மானத்தில் குர்க்குமின் ஓரளவு வலியைக் குறைக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, அதை நான் மறுக்கவில்லை.

பிப்பெரின் இதை எப்படிச் செய்கிறது என்பதுதான் விஷயம். குடலிலும் கல்லீரலிலும் அந்நியப் பொருளை மாற்றி வெளியேற்றுகிற நொதிகளை அது அடக்குகிறது. குர்க்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்றவற்றுக்கு மூடி வைக்க அதற்குத் தெரியாது. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், இதயத்துக்கு ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எல்லாம் பிப்பெரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுகின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ரசத்தில் மிளகு போட பயப்பட வேண்டாம், நான் சொல்வது சாப்பாட்டைப் பற்றி இல்லை. சமையல் மஞ்சள்தூளில் குர்க்குமின் மூன்று சதவீதம் அளவில்தான் இருக்கும். நீங்கள் தினமும் விழுங்குகிற 1000 மில்லிகிராமுக்குச் சமமான மஞ்சள்தூள் வேண்டுமென்றால் 30 கிராமுக்கு மேல், அதாவது பத்து டீஸ்பூன் ஆகும். எந்தப் பாட்டி ஒருவர் சாப்பிடும் சாம்பாரில் பத்து டீஸ்பூன் போட்டார்? முன்னோர் சாப்பிட்டது மஞ்சள், இது வேறு பொருள்.

கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. 2019-ல் இத்தாலியில் குர்க்குமின் மாத்திரை சாப்பிட்ட பலருக்கு மஞ்சள்காமாலை போல வந்து, பிறகு அங்கே சீசாவில் எச்சரிக்கை போட வைத்தார்கள். 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. நன்றாக உறிஞ்சப்படும்படி செய்த வகைகளில் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட விஷயம். எல்லோருக்கும் வராது, வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியானது. நீங்கள் ஐந்து மாதம் சாப்பிட்டிருப்பதால் ஒரு கல்லீரல் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பு முழுக்க அரித்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள்.

ஓரகத்தியிடம் எப்படிச் சொல்வது

"வேண்டாம் என்று சொன்னால் குடும்பத்தில் பேச்சு வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களிடம் சொல்கிறார். "டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார், டிஎஸ்ஹெச் ஏறிவிட்டது" என்று ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், நாங்கள் அதற்குப் பழகியவர்கள். ஆனால் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பொருள்கள் பெரும்பாலும் நம் நாட்டில் மருந்து இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறவை. சீசாவில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும் போட்டிருக்க வேண்டும். சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் அப்படி இருந்தால் சிக்கல் அவருக்கும் வரலாம். ஆள் சேர்த்தால் வருமானம் என்று உங்களையும் சேரச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் காட்டுகிற முறையை 2021-ன் நேரடி விற்பனை விதிகள் அனுமதிப்பதில்லை. பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சொந்தத்துக்குள் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது பெட்டியில் இருக்கிற எல்லா சீசாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சும்மா சத்து மாத்திரைதான்" என்று சொல்லிவிடாதீர்கள், ஒவ்வொன்றாக மேசையில் வையுங்கள்.

மாமியார்

வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்தாலும் ஆபத்து, உறைந்து வால்வு அடைத்தாலும் ஆபத்து. அந்த நடுக்கோட்டில் வைத்திருக்கத்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்க்கிறோம், வால்வு மாற்றியவர்களுக்கு அது பொதுவாக 2-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும், எந்த வால்வு என்பதைப் பொறுத்து. குர்க்குமின் தானாகவே ரத்தத் தட்டுகளை மந்தப்படுத்தும் குணமுள்ளது, பிப்பெரின் வார்ஃபரினை வெளியேற்றுகிற நொதிகளில் கை வைக்கலாம். 2018-ல் நியூசிலாந்து அரசு மருந்துத் துறை ஒரு நோயாளியைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் நிலையாக இருந்தவர் மஞ்சள் மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் ஐஎன்ஆர் 10-ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவில் தானாகவே மூளையில் ரத்தம் கசியலாம்.

மூட்டு வலிக்கு அவருக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் வேண்டாம், அவையும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம் என்று அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள், முழங்காலுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், ஒரு கைத்தடி, இவை வார்ஃபரினோடு மோதாதவை. அப்புறம், அவருடைய ஐஎன்ஆர் அட்டையை எடுத்து அடுத்த பரிசோதனைத் தேதி எது என்று பாருங்கள். தாண்டிப் போயிருந்தால் நீங்கள் ஸ்கேனுக்குப் போகிற அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போய் அதையும் எடுத்துவிடுங்கள்.